பித்தளைக் குடமும் வெள்ளிக் கோப்பையும்

எங்கள் வீட்டில் ஊறுகாய் கிடையாது. ஈப்போவில் எந்தத் தமிழர் வீட்டுக்குப் போனாலும் சோற்றுத் தட்டின் ஓரத்தில் மாங்காயோ எலுமிச்சையோ ஒரு துண்டாவது இருக்கும். எங்கள் வீட்டில் அப்பா அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். யாராவது ஆசையாக ஒரு பாட்டில் கொண்டுவந்தால் சிரித்தபடி வாங்கிக்கொண்டு, அவர்கள் தெருமுனை தாண்டியதும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். ரத்தக்கொதிப்புக்காக இப்படிச் செய்கிறார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். உண்மைக் காரணம் எனக்கு நாற்பத்தோரு வயதாகும்போதுதான் தெரிந்தது.

ஜப்பானிலும் கொரியாவிலும் உலகக் கோப்பை நடந்து முடிந்த வருஷம். அப்பாவுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்து, தேறி, மறுபடியும் காலையில் திடலைச் சுற்றி நடக்கத் தொடங்கியிருந்தார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டு, கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார். பழைய கைலிக்குள் ஒரு வெள்ளிக் கோப்பை. ஒரு முழ உயரம், இரண்டு பக்கமும் காது, மூடியின் உச்சியில் பந்தை உதைக்கிற ஒரு குட்டி ஆள். வெளியே நன்றாகத்தான் இருந்தது. உள்பக்கம் மட்டும் அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது.

"இது திருட்டுச் சாமான்," என்றார் அப்பா.

அப்பாவுக்குச் சொந்த ஊர் கம்பம் பள்ளத்தாக்கில், அனுமந்தன்பட்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. அங்கே முல்லைக்கரை கால்பந்துக் கழகம் என்று ஒன்று. அந்தோணிசாமி என்கிற என் அப்பா இருபது வயதில் அதற்குத் தலைவர். மேகமலை எஸ்டேட்டில் தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்காரத் துரை கொடுத்த கோப்பை அது. வென்ற அணியின் தலைவர் அதை ஒரு வருஷம் தன் வீட்டில் வைத்திருந்து, அடுத்த இறுதி ஆட்டத்தன்று திருப்பிக் கொடுக்கவேண்டும். அப்பா ஜெயித்த மறுமாதம் மாமா ஒருவர் மலாயாவுக்கு வரச்சொல்லிக் காகிதம் அனுப்பினார். அவசரத்தில் பெட்டி கட்டியது அவருடைய அம்மா. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தால், வேட்டிகளுக்கு அடியில் துணியால் வாய் கட்டிய வெள்ளிக் கோப்பை. உள்ளே கழுத்துவரை எலுமிச்சை ஊறுகாய்! வீட்டில் மூடியோடு இருந்த பாத்திரம் அது ஒன்றுதானாம்.

"அப்பவே திருப்பி அனுப்பியிருக்கலாமேப்பா!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். தமிழ்ப்பள்ளியில் விளையாட்டு ஆசிரியை நான். கத்துவது என் தொழில்.

"அடுத்த மாசம் அனுப்பலாம்னுதான் இருந்தேன்," என்றார் அப்பா. "அப்படியே அம்பது வருஷம் ஆயிருச்சு. ஊருல என்னையக் கள்ளன்னு சொல்லியிருப்பாக. அந்தப் பயத்துல ஊர்லேருந்து வந்த காகிதத்தைக்கூடப் பிரிக்கலை. எந்த முகத்தோட போறது? நீ கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா, செசிலி. கிளப்புல ஒரு பலகை இருக்கும். கோப்பை ஜெயிச்சவங்க பேரெல்லாம் அதுல எழுதியிருக்கும். என் பேரை எழுதுனப்ப ஈரம் காயறதுக்குள்ள நான் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பேரு இன்னும் இருக்கா, அழிச்சுட்டாகளான்னு மட்டும் பாரு. இருந்தா போன் பண்ணு. இல்லாட்டி பண்ணாதே."

டிசம்பர் பள்ளி விடுமுறையில் கிளம்பினேன்.

எங்கள் நாட்டில் கம்பம் என்றால் கிராமம். மலாய்ச் சொல்லை நாங்களும் எடுத்துக்கொண்டோம். மதுரைப் பேருந்து நிலையத்தில் நடத்துநர் "கம்பம், கம்பம்" என்று கூவியபோது, "எந்தக் கம்பம்?" என்று கேட்டுவிட்டேன். "பஸ்சு இங்கன நிக்குது, ஏறுறதுன்னா ஏறுங்க. பேட்டியெல்லாம் பொறகு," என்றார். தமிழ்நாட்டில் நான் வாங்கிய முதல் திட்டு.

மூவர் இருக்கையில் நான்கு பேர். என் பக்கத்தில் ஓடைப்பட்டி திராட்சை வியாபாரி ஒருவர், மதுரையில் சரக்கை இறக்கிவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்பிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த ஒரு குலையை என் மடியில் வைத்தார். எங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கிற திராட்சை விதையில்லாமல் பெரிதாக, சோப்புக்கட்டி போல வழவழவென்று இருக்கும். இது சின்னது, கறுப்பு, விதையோடு. வாயில் போட்டால் அத்தர் மணம்.

"விதையத் துப்பாதீக, தாயி. முழுங்கிருங்க. வயித்துல கொடி மொளைக்காது," என்றார்.

ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது பேருந்தின் முன்பக்கம் புகைந்தது. ஓட்டுநர் இறங்கி மூடியைத் திறந்ததும் குபுகுபுவென ஆவி. பிளாஸ்டிக் கேனைப் பார்த்தால் அடியில் ஓட்டை. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. மொண்டுவர ஒரு பாத்திரம் இல்லை! அறுபது பேர் இறங்கி நின்று அந்தத் தண்ணீரை வேடிக்கை பார்த்தார்கள். கால் மணி நேரம் பொறுத்தேன். அதற்குமேல் என்னால் முடியாது. பையைத் திறந்து கோப்பையை எடுத்து நடத்துநர் கையில் கொடுத்தேன்.

"என்னம்மா, கோயில் சாமானா?"

"அதெல்லாம் இல்லை. மொண்டு ஊத்துங்க."

நான்கு நடை நடந்தார். துரை கொடுத்த வெள்ளிக் கோப்பை ஒரு பேருந்தின் தாகத்தைத் தீர்த்தது. கடைசி நடையில் திராட்சை வியாபாரி அதை வாங்கிப் பார்த்தார். மூடியில் இருந்த குட்டி ஆளைத் தடவினார். உள்ளே எட்டிப் பார்த்தார். மூக்கை விட்டு மோந்தும் பார்த்தார்.

"தாயி, நீங்க யாரு மக?"

"அந்தோணிசாமி மகள். மலேசியாவிலிருந்து வர்றேன்."

மனிதர் வாயைப் பொத்திக்கொண்டார். தேனி வரும்வரை அவர் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. பேருந்து நின்றதும் கூடைகளைக்கூட எடுக்காமல் எதிரே இருந்த எஸ்டிடி கடைக்குள் ஓடினார். போச்சு, ஊருக்குச் சொல்லிவிட்டார், நாளைக்குப் போலீஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன். இருட்டிவிட்டதால் அன்று தேனியில் தங்கினேன். சாப்பிட்ட புரோட்டா எங்கள் ரொட்டி சானாயின் தாய்மாமன் என்பதில் சந்தேகமே இல்லை. அந்தக் கவலையிலும் நான்கு தின்றேன்.

மறுநாள் காலை இட்லியும், கேட்காமலே ஊற்றிய கறிக்குழம்புமாகப் பசியாறிவிட்டு அடுத்த பேருந்து. சின்னமனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை கிட்டே வந்துவிடுகிறது. ஈப்போவிலும் மலை உண்டு, சுண்ணாம்பு மலை, நட்டக்குத்தலாக நிற்கும். இங்கே மலைகள் சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் நெல், தென்னை, வெற்றிலைக்கொடி. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் எங்களை முந்தின. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். பதினெட்டுக்கு மேல் எண்ண முடியவில்லை.

அனுமந்தன்பட்டியில் இறங்கினால், மேளச் சத்தம். யாருக்கோ கல்யாணம் போல என்று ஒதுங்கி நின்றேன். மேளம் என் முன்னால் வந்து நின்றது. கூட்டத்திலிருந்து கிரீஸ் கறை படிந்த சட்டையோடு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் முன்னே வந்தார்.

"வாங்கம்மா. நான் ராயப்பன். மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். கிளப்புக்குச் செயலாளரு. ஓடைப்பட்டிக்காரரு நேத்தே போன் போட்டுச் சொல்லிட்டாரு."

விமானத்தில் மனப்பாடம் செய்த பேச்சை ஆரம்பித்தேன். "எங்கப்பா இதைத் திருடலை. நடந்தது என்னன்னா..."

"அது கெடக்கட்டும். மொதல்ல கோப்பையக் காட்டுங்க."

மூடியைத் திறந்தேன். ஐந்தாறு தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு உள்ளே பார்த்தன. அடுத்த கணம் ஒரே சிரிப்பு. மேளக்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"எலுமிச்சையேதாம்ப்பா! பெரியவுக சொன்னது பொய்யில்ல!"

ராயப்பன் கண்ணைத் துடைத்தபடி எனக்கு விளக்கினார். "உங்க அப்பத்தாவுக்குக் கப்பல் போன மறுநாளே நெனப்பு வந்துருச்சு. ஓடியாந்து கிளப்புல சொல்லி அழுதுருக்காக. அம்பது வருசமா இந்த ஊருல யாரு வெளியூருக்குப் பொட்டி கட்டுனாலும் 'கோப்பைய எடுத்து வச்சிக்கிட்டியா'ன்னுதான் கேப்போம்."

"அப்ப, எங்கப்பாவை யாரும் கள்ளன்னு சொல்லலையா?"

"கள்ளனா? ஊறுகாய்க்கா? அட போங்கம்மா!"

அங்கேயே மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஐம்பது வருஷம் ஒரு மனிதர் வீணாக ஊறுகாய் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்!

மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற திடலின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் கிளப். ராயப்பன் போகிற வழியிலேயே அதன் சரித்திரத்தைச் சொல்லிவிட்டார். முதல் பந்தைக் கொண்டுவந்தவர் சீமையிலிருந்து வந்த ஒரு சாமியார். ஞாயிறு பூசைக்கு வந்தவர்களுக்கு மட்டும் பந்து என்று அவர் சட்டம் போட, பந்துக்காகவே ஊரில் சாமி கும்பிடுகிற எல்லோரும், எந்தச் சாமி என்று பார்க்காமல், பூசைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்களாம். நெல் அறுத்த வயலில் வெறுங்காலோடு ஆடியவர்கள். மலையிலிருந்து பூட்ஸ் போட்ட எஸ்டேட் அணி இறங்கி வந்தபோது, முல்லைக்கரைக்காரர்கள் முந்தின நாளே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டார்கள். பூட்ஸ்கள் சேற்றில் நிற்க, வெறுங்கால்கள் மூன்று கோல் போட்டன. துரை அன்றைக்குக் கோபப்படாமல் கோப்பை கொடுத்தார் என்றால் நல்ல மனிதராகத்தான் இருக்கவேண்டும். எங்கள் நாட்டிலும் வெள்ளைக்காரன் பந்தை விட்டுவிட்டுத்தான் போனான். ஆனால் எங்கள் கிளப்புகளின் கதையில் இவ்வளவு சேறு இல்லை.

அறைக்குள் பலகை. பச்சையில் வெள்ளை எழுத்து, வரிசையாக வருஷங்கள், எதிரே பெயர்கள். விரலை வைத்துக்கொண்டே இறங்கினேன். அப்பாவின் வருஷம் இருந்தது. எதிரே ஒன்றும் இல்லை.

அழித்த தழும்புகூட இல்லை. வெறும் பச்சை. அப்பா தொட்டுப் பார்த்த ஈரப் பெயின்ட் எனக்கு நினைவு வந்தது. இவ்வளவு சிரித்துவிட்டு, பெயரை மட்டும் எடுத்துவிட்டார்களே என்று ராயப்பன் மேல் பாய்ந்தேன்.

"கோவிக்காதீக. முழுசாக் கேளுங்க," என்றார் அவர். "முன்னாடியெல்லாம் ஜெயிச்ச அன்னிக்கே பேரை எழுதிருவாக. உங்கப்பா கோப்பையோட கப்பலேறுனதுக்குப் பொறகு சட்டத்தை மாத்திட்டாக. திருப்பிக் குடுக்குற அன்னிக்குத்தான் பேரு. பலகையப் புதுசா எழுதுறப்ப அந்த ஒரு வரிய மட்டும் விட்டு வச்சிருக்கோம். இதுவரைக்கும் ஆறு தடவை பெயின்ட் அடிச்சாச்சு. ஆறு தடவையும் விட்டுத்தான் எழுதுனோம்."

"அப்ப இன்னும் எழுதலாமா?"

"நாளைக்கு ஃபைனல். போன வருசம் ஜெயிச்ச ஓடைப்பட்டித் தலைவரு திருப்பிக் குடுப்பாரு. அதோட சேத்து நீங்களும் குடுங்க. பேரை எழுதிருவோம். பரமசிவம் அய்யாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்கணும். வாங்குற கை அவரு கைதான்."

பரமசிவம் என்ற பெயர் எனக்குத் தெரியும். அப்பாவின் கோல்கீப்பர். நெருங்கிய சிநேகிதர்.

அவர் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பந்து பட்டு ஒடிந்து கோணலாகக் கூடிய இரண்டு விரல்கள். கோப்பையை நீட்டினேன். அதை அவர் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"ஆளு எங்க?"

"அப்பா வரலை. கோப்பையை என்கிட்ட..."

"கோப்பையக் கேட்டனா? ஆளு எங்கன்னு கேட்டேன்."

"அவருக்கு நெஞ்சில ஆபரேஷன் ஆகியிருக்குங்க."

"நெஞ்சத்தான கிழிச்சாக? காலையா எடுத்துட்டாக? நடக்குறானா?"

பொய் சொல்ல வரவில்லை. "தினம் திடலை மூணு சுத்து நடக்கிறாரு."

"அப்ப வரலாம்," என்று மறுபடி மொச்சையை எடுத்தார். "வச்சிருந்தவன் கையால குடுக்கணும். அதான் சட்டம். உத்தமபாளையத்துக்காரன் ஒருத்தன் கால ஒடிச்சிக்கிட்டான். கட்டுலோட தூக்கியாந்து குடுக்க வச்சோம்."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி ராமுத்தாயி வெடித்துக்கொண்டு வந்தார். "ஏன், அந்தப் பிள்ள கையில வாங்குனா குறைஞ்சா போயிருவீரு? வாங்கித் தொலையும்! எங்கொடம் வீடு வந்து சேரட்டும்!"

அப்போதுதான் குடத்தின் கதை எனக்குத் தெரிந்தது. அப்பா போன அடுத்த வருஷம் இறுதி ஆட்டம் முடிந்தது. கொடுக்கக் கோப்பை இல்லை. கோல்கீப்பர் பரமசிவத்துக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். வீட்டுக்கு ஓடினார்.

"நான் உலை வைக்க அரிசியக் களைஞ்சிட்டுத் தண்ணிக்குத் திரும்புறேன், கொடத்தக் காணோம்," என்றார் ராமுத்தாயி. "எங்கய்யா சீராக் குடுத்த பித்தளக் கொடம். எம் பேரு வெட்டியிருக்கும். நெறகொடத்தோட தூக்கிக்கிட்டுப் போயிக் கப்புன்னு குடுத்துட்டாரு. அன்னையிலேருந்து வருசத்துக்கு ஒரு நா எட்டிப் பாக்கும், விருந்துக்கு வந்த மருமகன் மாதிரி. பந்தாட்டம் முடிஞ்சா கெளம்பிரும்."

இந்த ஐம்பது வருஷத்தில் பள்ளத்தாக்கு முழுக்க அந்தப் போட்டிக்கே 'குடத்துக் கப்பு' என்று பெயர் விழுந்துவிட்டது. கேரளத்திலிருந்துகூட மலை இறங்கி வந்து அந்தக் குடத்துக்காக ஆடுகிறார்கள். வெள்ளிக் கோப்பைக்குப் பள்ளத்தாக்கில் மதிப்பே இல்லை. அது வேண்டும் என்று கேட்டவர் ராமுத்தாயி ஒருவர்தான், அதுவும் தன் குடத்தை மீட்க.

மறுநாள் திடல் நிரம்பி வழிந்தது. சீயமும் சுண்டலும் விற்றார்கள். இரண்டையும் வாங்கினேன். பிறகு அந்தச் சடங்கு. ஓடைப்பட்டித் தலைவன், மீசை வைத்த வாட்டசாட்டமான ஆள், ஆற்றில் மொண்ட தண்ணீரோடு குடத்தை இடுப்பில் வைத்துத் தெரு வழியாக நடந்து வருகிறான். தலையில் வைக்கக்கூடாதாம், தோளில் வைக்கக்கூடாதாம். பெண்கள் இரண்டு பக்கமும் நின்று குலவை போட்டார்கள்.

"மாப்ள, இடுப்பச் சாச்சு வையி! தண்ணி தளும்புது பாரு!"

"ஏலே, கோலு போடத் தெரியுது, ஒரு கொடம் தூக்கத் தெரியல! தெனமும் நாங்க தூக்கலையா?"

பையன் முகம் சிவந்து, பாதித் தண்ணீரில் குளித்து, திடலுக்கு வந்து பரமசிவத்தின் கையில் குடத்தைக் கொடுத்தான். பலகை பக்கத்தில் தூரிகையோடு நின்ற பெயின்டர் அங்கேயே அவன் பெயரை எழுதினார். கைதட்டல் அடங்கும்வரை நான் அந்த வெள்ளை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராயப்பன் மைக்கைப் பிடித்தார். "அடுத்தபடியா, மலேசியாவுலேருந்து வந்திருக்கிற நம்ம அந்தோணிசாமி அண்ணன் மக..."

கோப்பையோடு போய் நின்றேன். பரமசிவம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "நீங்கள்லாம் சிநேகிதரா? ஒரு மனுஷன் அம்பது வருஷமாத் தூக்கம் கெட்டு, இதைக் கட்டிலுக்கடியில வச்சுக்கிட்டு இருந்திருக்காரு. கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கேன். ஒரு பேரு, ஒரே ஒரு பேரு எழுதினா உங்க பெயின்ட் தீர்ந்துபோயிருமா?" மைக் என் பக்கத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மொத்தத் திடலும் கேட்டது.

பரமசிவம் கோபித்துக்கொள்ளவில்லை. மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு என் கிட்டே வந்தார்.

"ஆத்தா, அந்த ஃபைனல்ல நாந்தான் பந்தைத் தூக்கி அடிச்சேன். அவன் வாங்கிக் கோலு போட்டான். மறுமாசம் கப்பலேறிட்டான். சொல்லிக்கிட்டுக்கூடப் போகல. கோப்பை அவங்கிட்ட இருக்குறவரைக்கும் ஒரு நா வந்துதான ஆகணும்னு இருந்தேன்." கோணல் விரலால் கோப்பையை மெல்ல என் பக்கம் தள்ளினார். "இப்ப இதை வாங்கிட்டேன்னு வையி. அவன் இங்கன வர்றதுக்கு என்ன இருக்கு?"

கோப்பையைப் பையில் வைத்தேன்.

ஆட்டத்துக்கு வந்திருக்கவேண்டிய கோட்டு நடுவர் ஒருவரின் பேருந்து எங்கோ பஞ்சர் ஆகி நின்றுவிட்டது. நான் விளையாட்டு ஆசிரியை என்று ராயப்பனுக்குத் தெரியும்; கொடியை என் கையில் திணித்துவிட்டார். மாட்டேன் என்று சொல்லத் தோன்றவில்லை. முல்லைக்கரைக்கும் ஓடைப்பட்டிக்கும் ஆட்டம். கடைசி ஐந்து நிமிஷத்தில் முல்லைக்கரை போட்டது ஒரு கோல். ஊரே துள்ளியது. என்னால் துள்ள முடியவில்லை, ஏனென்றால் போட்டவன் ஒரு கஜம் ஆஃப்சைடில் நின்றான். கொடியைத் தூக்கினேன். நடுவர் விசில் ஊதி கோலை ரத்து செய்தார். அடுத்த நிமிஷம் ஓடைப்பட்டி ஒன்று போட்டு ஜெயித்துவிட்டது.

"ஆத்தீ! மலேசியாவுலேருந்து வந்து எங்க கொடத்தக் கவுத்துட்டியே!" என்று ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டாள். எப்படி உயிரோடு வெளியே போகப்போகிறோம் என்று பார்த்தேன். அப்போது பரமசிவத்தின் சிரிப்பு கேட்டது. கட்டிலில் கண்டதற்குப் பத்து வயது குறைந்த மனிதராக நின்று சிரித்தார்.

"அந்தோணி மகதாம்ப்பா! அவனும் சொந்த ஆளு தப்புப் பண்ணா அவனே கையத் தூக்கிக் காட்டுவான். எத்தன மேட்ச்சு அவனால தோத்துருக்கோம்!"

அதற்குப் பிறகு என்னை ஒருவரும் திட்டவில்லை. ராயப்பன் வீட்டில் அன்று கோழி அடித்தார்கள். சாயங்காலம் ராமுத்தாயி வந்து கோப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊருக்குத் திரும்பிப் போகிற சாமான், துலக்கித் தருகிறேன் என்றார்.

அடுத்த நாள் காலை பேருந்து நிறுத்தத்துக்கு அவரே வந்தார். கோப்பை பழைய சேலைத் துணியில் இறுகச் சுற்றியிருந்தது. வாங்கியபோது கை இறங்கியது.

"என்னம்மா இவ்வளவு கனம்?"

"வீட்டுல போயித் தெற. இங்கன தெறந்துபிட்டு என்னையக் கேள்வி கேக்காத."

"உங்க குடம் இந்த வருஷமும் வரலையே," என்றேன். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"அம்பது வருசம் கொடமில்லாம சோறு பொங்கியாச்சு. இன்னும் ஒரு வருசத்துல என்ன முழுகிப்போகுது? உங்கய்யாவ மட்டும் பத்திரமாக் கூட்டிக்கிட்டு வா." பேருந்து நகர்ந்தபோது சத்தம் போட்டுச் சொன்னார்: "அடுத்த டிசம்பரு! அவரு இடுப்புல வச்சுத் தூக்கியாரணும்னு சொல்லு!"

கோலாலம்பூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி, மலாய்க்காரர், மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன இது?"

"கோப்பை."

"என்ன போட்டியில் ஜெயித்தீர்கள்?"

"இன்னும் முடிவு தெரியவில்லை," என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான்கு நாளாக போன் வரவில்லை. அதனால் பதில் தனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் கையில் இருந்த மூட்டையின் வடிவத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க மாட்டேன்னுட்டாங்களா?"

"ஆமாப்பா."

"பேரு?"

"இல்லை."

தலையை ஆட்டினார். அதற்குமேல் ஒரு விநாடிகூட என்னால் தாங்க முடியவில்லை. அப்பத்தா ஓடிப்போய் அழுததிலிருந்து, பெட்டி கட்டுகிறவர்களைக் கேலி செய்வது, ஆறு தடவை விட்டுவிட்டு அடித்த பெயின்ட், இடுப்பில் குடம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பரமசிவம் சொன்னதை மட்டும் நிறுத்தி, வார்த்தை மாறாமல் சொன்னேன். அப்பா சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

பிறகு துணியை அவரே அவிழ்த்தார். வெளியே வெள்ளி பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்தார். உள்ளே, வெள்ளி கறுக்காதபடி இரண்டு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, கழுத்துவரை எலுமிச்சை ஊறுகாய்.

அப்பா மூடியைக் கீழே வைத்தார். "கொஞ்சம் சோறு போடு," என்றார். போட்டேன். ஒரு துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து, சோற்றோடு சேர்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"உப்புக் கம்மி," என்றார். இன்னொரு துண்டு எடுத்தார். "பரமசிவம் பொஞ்சாதிகிட்ட நேர்ல போய்ச் சொல்லணும்."